பாதியில் நிற்கும் பத்தொன்பது

கேள்வி: எனக்கு 47 வயது. திருச்சியில் சொந்த வீடு. தீபாவளி முடிந்ததும் மாமியார் ஊரிலிருந்து எங்களோடு வந்து தங்கப் போகிறார். மூட்டு வலியால் அவரால் படி ஏற முடியாது. அதனால் கீழே இருக்கும் அறையைத்தான் ஒழித்துக் கொடுக்க வேண்டும். அந்த அறை முழுக்க என் கைவேலைச் சாமான்கள். ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) ஸ்டாண்டில் ஒரு மெரூன் பிளவுஸ் துணி இரண்டு வருடமாக மாட்டியபடியே இருக்கிறது. உல்லன் நூல், தஞ்சாவூர் ஓவியப் பலகை, பட்டு நூல் சுற்ற வாங்கிய வெறும் வளையல்கள், கல்யாணமான புதிதில் மாமியார் சொல்லிக்கொடுத்து நான் பாதியில் விட்ட வயர் கூடை வரை எல்லாம் அங்கேதான். ஆடி மாதம் ஒழிக்க ஆரம்பித்தேன். நாலு பை வெளியே போனது. அதே மாதம் தள்ளுபடியில் நூலும் கல்லும் வாங்கிவிட்டேன், அடுக்கி வைக்க ஆறு பெரிய டப்பாவும் வாங்கினேன். எண்ணிப் பார்த்ததில் பாதியில் நிற்பவை 19. நாற்பதாயிரத்துக்கு மேல் போட்டிருப்பேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. ‘கடை வைக்கப் போறியா’ என்று கணவர் கேட்கும்போது அழுகைதான் வருகிறது. என்ன செய்வது?

பதில்:

அந்த ஆறு டப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். பில் இருக்கிறதா? கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார் என்றால் இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். எடுக்க மாட்டார் என்றால் அரிசியோ கொலுப் பொம்மையோ போட்டு வையுங்கள். கைவேலைச் சாமான் ஒன்றுகூட அதற்குள் போகக் கூடாது.

ஒழிக்க ஆரம்பித்த மறுநாளே டப்பா வாங்கப் போவது நான் போகிற பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்வது கஷ்டம். டப்பா வாங்குவது சுலபம். மூடியை அழுத்தி ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும். அடுத்த வருடம் அதே டப்பாவைத் திறந்தால் அதே சாமான் அப்படியே இருக்கும். பிரித்து முடிக்கும்வரை உங்களுக்குச் செருப்பு டப்பாவும், பட்டுப்புடவைக் கடை அட்டைப்பெட்டியும் போதும்.

சரி, பத்தொன்பதுக்கு வருவோம். வீடுகளை ஒழித்து அடுக்கித் தருவதைத் தொழிலாக எடுத்துக்கொள்வதற்கு முன் பதினான்கு வருடம் கோயம்புத்தூரில் தையல், ஆரி வகுப்பு நடத்தினேன். வகுப்புக்கு வரும் பெண்கள் வேலையை எங்கே விடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஆரியில் பின்கழுத்து ஜோராக முடிந்துவிடும். முதல் கையும் முடிந்துவிடும். இரண்டாவது கையில் நின்றுவிடும். அதில் புதிதாக எதுவுமே இல்லை. செய்ததையே அச்சுப் பிசகாமல் இன்னொரு தரம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஸ்வெட்டர் என்றால் பாகங்களைச் சேர்த்துத் தைக்கிற இடம். வயர் கூடை என்றால் கைப்பிடி. தஞ்சாவூர் ஓவியம் என்றால் முகம். கல் ஒட்டி, மக்கு (சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்த மாவு) வைத்து, தங்க ரேக்கு ஒட்டுவதுவரை ஓடியவர்கள், கண் எழுத வேண்டிய நாள் வந்ததும் ‘அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம்’ என்பார்கள்.

அதனால் பத்தொன்பதையும் கூடத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ‘இது ஏன் இந்த இடத்தில் நின்றது?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதன்மேலேயே குத்தி வையுங்கள். ‘நேரம் இல்லை’ என்ற பதில் செல்லாது. நேரம் இல்லாத அதே மாதத்தில்தானே அடுத்ததை ஆரம்பித்தீர்கள்?

நீங்கள் எழுதியிருக்கும் மெரூன் துணியையே எடுத்துக்கொள்வோம். பார்க்காமலே சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய துணி தளர்ந்து நடுவில் தொய்ந்திருக்கும். டிசைனைத் துணியில் பதிக்க டிரேஸ் எடுத்த வெள்ளைக் கோடு பாதிக்கு மேல் உதிர்ந்திருக்கும். பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்த கோடு இரண்டு வருடம் நிற்காது. கழுத்து ஓரத்து ஜரி கறுத்திருக்கும். நீங்கள் நிறுத்திய இடத்தில் கடைசிக் கண்ணிக்கு முடிச்சுப் போட்டீர்களா? போடவில்லை என்றால், அந்த நூல் நுனியைத் தெரியாமல் இழுத்தால் போதும், சங்கிலித் தையல் முழுக்கச் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். இன்னொன்றும் கேட்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த அளவுதானே அது? இப்போது அந்த அளவு பொருந்துமா?

இவ்வளவையும் பார்த்த பிறகு அந்தத் துணியில் மிச்சம் இருப்பது ஒரு கை வேலை மட்டும் இல்லை என்று தெரியும். மறுபடி இழுத்துக் கட்டி, மறுபடி டிரேஸ் எடுத்து, புது ஜரி பளபளக்கும் கைக்கும் கறுத்த கழுத்துக்கும் பொருத்தம் பார்த்து, கடைசியில் டெய்லரிடம் கொடுத்து அளவைத் தளர்த்தச் சொல்ல வேண்டும். செய்யலாம். செய்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எப்படியானாலும் துணியை இன்றைக்கே ஸ்டாண்டிலிருந்து கழற்றி, கடைசிக் கண்ணிக்கு ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள். துணி இறங்கினாலே அந்த அறையில் பாதி இடம் கிடைத்துவிடும்.

இனி வாங்குவதைப் பற்றி. உங்கள் போனில் ஆர்டர் போட்ட பட்டியல் இருக்கும். பாதி வேலைகளை ஆசையாகப் போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள், அதிலும் தேதி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வேலை நின்ற வாரமும் அடுத்த சாமான் வாங்கிய வாரமும் ஒட்டியே வரும் என்பது என் ஊகம். தப்பாக இருந்தால் எழுதுங்கள்.

ஊகம் என்றாலும் சொந்த அனுபவத்தில் வந்த ஊகம். அக்கா பையனுக்கு ஸ்வெட்டர் பின்னினேன். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை முடிந்தது. நூல் அரைப் பந்து குறைந்தது. அதே கடை, அதே கலர் நம்பர் பார்த்துத்தான் வாங்கினேன். பின்னிப் பார்த்தால் இரண்டாவது கை மட்டும் ஒரு சாயல் வெளுத்துத் தெரிகிறது. சாயம் போட்ட லாட் வேறு, அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றிய நூல். லாட் நம்பரைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான்! பிரித்துப் போடவும் மனமில்லை, அக்காவிடம் சொல்லவும் வெட்கம். அன்று சாயங்காலமே கடைக்குப் போய், குரோஷா மேஜைவிரிப்புக்கு என்று வெள்ளை நூல் பன்னிரண்டு பந்து வாங்கி வந்தேன். மேஜைவிரிப்பும் முடியவில்லை. அந்தப் பையன் இப்போது காலேஜ் மூன்றாம் வருடம். கோயம்புத்தூரில் எவன் ஸ்வெட்டர் போடுவான் என்று அக்கா அப்போதே கேட்டாள், அது வேறு கதை.

அந்த வெள்ளை நூலை நான் வாங்கியது மேஜைவிரிப்புக்காகவா? வெளுத்த கையைப் பார்க்காமல் இருப்பதற்காக. புது நூலில் இன்னும் ஒரு தப்பும் நடக்கவில்லை அல்லவா? அந்தச் சுத்தத்துக்குத்தான் காசு கொடுத்தேன். அதனால் ‘இனி எதுவும் வாங்க மாட்டேன்’ என்று சத்தியம் செய்ய உங்களிடம் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தியம் தீபாவளித் தள்ளுபடிவரைகூடத் தாங்காது. நின்ற இடத்தை நேராகப் பார்த்து அங்கேயே ஒரு முடிவு எடுத்துவிட்டால் கடைக்கு ஓடுகிற அவசரம் தானாகவே பாதி குறைந்துவிடும்.

பாதி வேலைகள் கண்ணில் படும்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறதே, இது என் சோம்பேறித்தனமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், 60 பேர். அவர்களை வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பேசச் சொன்னார்கள். வீட்டைப் பற்றிப் பேசும்போது சாமான் அடைசல், முடிக்காத வேலை என்ற பேச்சு அதிகம் வந்த பெண்களுக்கு, காலையில் உயர்ந்து மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டிய கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. அடைசலால் அலுப்பு வந்ததா, அலுப்பில் வீடு அப்படித் தெரிந்ததா என்று இந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முடிக்காத வேலையும் சாமான் அடைசலோடு ஒரே கணக்கில் சேர்கிறது என்பதை நான் போகிற வீடுகளிலும் பார்க்கிறேன். பக்கத்து அறையில் பீரோ வழிந்துகிடந்தாலும் கவலைப்படாத பெண், ஊசி குத்தியபடி நிற்கும் ஒரு துணியைப் பார்த்தால் முகம் சுருங்கிவிடுகிறார்.

நாற்பதாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். அது போய்விட்டது. கடுமையாகத் தெரியலாம், ஆனால் பணம் போனது நீங்கள் பில் கட்டிய அன்றைக்கு. தூக்கிக் கொடுக்கிற அன்றைக்கு இல்லை. போட்ட பணம் மனதை எப்படிப் பிடித்து வைக்கும் என்பதற்கு ஹால் ஆர்கஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை இருக்கிறது. ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலருக்குக் கொடுத்தார்கள். சிலருக்கு 2 டாலர், சிலருக்கு 7 டாலர் குறைத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு இழுத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு அந்த இழுவையில் ஒரு வித்தியாசம்: காசு உங்களை வேலை செய்ய உட்காரவும் வைக்கவில்லை, சாமானை விடவும் விடவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்.

இப்போது துண்டுத்தாள்களைப் படியுங்கள். பதில்கள் மூன்று நாலு ரகத்துக்குள் அடங்கிவிடும். ‘யாருக்காக ஆரம்பித்தேனோ அவருக்கு இனி வேண்டாம்’ என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடலாம். வளைகாப்பு முடிந்து குழந்தை ஸ்கூலுக்குப் போகிறது, வளைகாப்பு பிளவுஸ் மட்டும் ஸ்டாண்டில் இருக்கும். ‘ஒரு சாமான் குறைகிறது’ என்றால் அது என்ன சாமான், எத்தனை கிராம், எந்த நிறம் என்பதை அதே தாளில் எழுதுங்கள். ‘தப்பு செய்துவிட்டேன்’ என்பதுதான் கஷ்டமான ரகம். அவிழ்த்துத் திருத்த ஒரு மாலை போதுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகுமென்றால், அந்த மாதத்தை அதற்குக் கொடுக்க ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். கடமை வேண்டாம். ஆசை இருந்தால் மட்டும். கடைசி ரகம், ‘எனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை’. இதை எழுதப் பலருக்குக் கை வராது. எழுதிவிட்டால் ஒரே நாளில் ஒரு அலமாரி காலியாகும்.

நம் ஊரில் இந்த ஆசைகள் அலை அலையாக வந்தன. குவில்லிங் காதணி, பட்டு நூல் வளையல், டெரகோட்டா நகை, ரெசின், பிறகு ஆரி. ஒவ்வொரு அலையும் போகும்போது ஒரு பை சாமானை வீட்டில் விட்டுவிட்டுப் போயிற்று. அலை போன பிறகும் பிடிக்கிறது என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் பாட்டில் இருந்தால் தேதியைப் பாருங்கள். பழசாகிவிட்டால் மஞ்சளாகும், சரியாக இறுகாது. காற்றில் காய்கிற களிமண் பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள், கல்லாகியிருக்கும். அவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தில் உங்களுக்கு இருக்கக்கூடிய சங்கடம் வேறு: சாமி படமாயிற்றே, அரைகுறையாக எப்படித் தூக்கிப் போடுவது? தூக்கிப் போட வேண்டாம். எந்த வகுப்பில் கற்றீர்களோ அந்த ஆசிரியரைக் கூப்பிடுங்கள். மக்கு வெடித்திருந்தாலும் சுரண்டி எடுத்துவிட்டு அதே பலகையில் புதிய மாணவிக்குக் கோடு போட்டுக் கொடுப்பார், கல்லையும் எடுத்து வேறு படத்துக்கு ஒட்டலாம். முகம் எழுதத்தான் பயம் என்றால் அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லி, சன்மானம் கொடுத்து வாங்கி வந்து பூஜை அறையில் மாட்டுங்கள். முழுக்க நானே செய்தேன் என்று சொல்ல முடியாது. போகட்டும்.

விடுவது என்று முடிவானவற்றை விற்றுப் பார்க்கலாம் என்று தோன்றும். தோன்றினால் அந்த யோசனையை அப்படியே ஒத்திப்போடுங்கள். போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டு, ‘லாஸ்ட் பிரைஸ் என்ன’ என்பவர்களுக்குப் பதில் சொல்லி, பார்சல் கட்டி... இருபதாவது பாதி வேலை அதுதான். உங்களுக்கு முன்னால் நவராத்திரி வருகிறது. வெற்றிலை பாக்கோடு கொடுக்கிற பிளவுஸ் பிட் வீடு வீடாகச் சுற்றி அடுத்த வருடம் நமக்கே திரும்பி வருவது உங்களுக்கும் தெரியும். இந்த வருடம் அதற்குப் பதிலாக, கொலு பார்க்க வரும் பெண் குழந்தைகளுக்கு வெறும் வளையல் நாலு, பட்டு நூல் ஒரு கண்டு, கொஞ்சம் கல் என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள். ஒன்பது நாளில் நிறைய இறங்கும். சமிக்கி, முத்து, துண்டுத் துணி எல்லாம் பக்கத்து அங்கன்வாடியோ தையல் வகுப்போ சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

வைத்துக்கொள்வது மூன்று. நாலாவது வேண்டுமென்றால் மூன்றில் ஒன்று முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பையில், குறிப்புத் தாளும் ஊசியும் அதே பையிலேயே.

கடைக்குப் போவதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு சொல்கிறேன். கையில் பாதி வேலை இல்லாமல் என்.எஸ்.பி. ரோட்டில் நூல் கடை வாசலை மிதிக்காதீர்கள். குறைகிற சாமானுக்காகப் போகிறீர்கள் என்றால் அந்தத் துணியையே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். நூலை அதன்மேல் வைத்துப் பார்த்து, லாட் பார்த்து, எழுதி வைத்த அளவுக்கு வாங்குங்கள். பை கையில் இருந்தால் மற்ற நிறங்கள் அவ்வளவாகக் கூப்பிடாது, நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். போனில் வருகிற லைவ் சேல் குரூப்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எடுபடாது. அங்கே ‘ரெண்டு செட்தான் இருக்கு’ என்று சொல்லும்போது துணியை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? மாமியார் வந்து சேரும்வரை அவற்றிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். குரூப் எங்கேயும் போகாது.

கணவரிடம் அழ வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள்: வெளியே போக வேண்டிய பைகளை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கட்டி வைத்த பையை மறுபடி பிரித்துப் பார்க்க உங்களுக்கு வாய்ப்பு இருக்காது. கிண்டல் செய்ய அவருக்கும் நேரம் இருக்காது.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். கைவேலைச் சாமான் மட்டுமல்லாமல் பழைய பேப்பர், காலி டப்பா என்று எதையும் விட முடியாமல், விட நினைத்தாலே நெஞ்சு படபடத்து, கட்டிலிலும் அடுப்படியிலும் புழங்க இடமில்லாத நிலை என்றால் அது வேறு. அதற்கு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. நாலு பை ஏற்கெனவே போயிருக்கிறதே.

கடைசியாக அந்த வயர் கூடை. அதையும் மற்றவற்றோடு சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கீழ் அறையை ஒழித்துத் துடைத்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அதை மட்டும் வையுங்கள். முடிச்சு எங்கே நிற்கிறது, கைப்பிடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்தானே அந்த அறைக்கு வரப்போகிறார். மூட்டுக்குத்தான் வலி, கைக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் கிடந்த வயர் மொரமொரவென்று உடைகிறதா என்று மட்டும் வளைத்துப் பாருங்கள். உடைந்தால் கூடையையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அதே நிறத்தில் ஒரு ரோல் வாங்குங்கள். ஒன்றே ஒன்று.